பொம்மைக் கார் பந்தயமும் உங்கள் குழந்தையும்

(கணவன், மனைவி இருவரும் சேர்ந்து படிக்க வேண்டிய பிரசுரம்)



நம் காவிரிப் பாசனப் பகுதியில் இன்று எந்தத் தெருவுக்குப் போனாலும் இந்தக் காட்சியைப் பார்க்கலாம். திண்ணையில் 3 அல்லது 4 வயதுக் குழந்தை உட்கார்ந்திருக்கும். கையில் செல்போன். அதில் ஒரு பொம்மைக் கார் ஓடிக்கொண்டிருக்கும். கார் வளைந்தால் குழந்தையும் வளையும். கார் மோதினால் "ஐயோ" என்று கத்தும். "யாரும் சொல்லிக் குடுக்கலீங்க, தானா கத்துக்கிட்டான்" என்று தாய் பெருமையோடு சொல்வார். அதே தாய் சற்று நேரம் கழித்து, "போனை வாங்கினா ஊரையே கூட்டிடறான், என்ன பண்றதுன்னு தெரியலை" என்பார்.

இரண்டும் உண்மை. குழந்தை கெட்டிக்காரன்தான். ஆனால் அவன் கையில் உள்ள பொருள் அவனை விடக் கெட்டிக்காரத்தனமாகச் செய்யப்பட்டது. அது எப்படிச் செய்யப்பட்டது, குழந்தையை ஏன் இப்படிப் பிடித்துக்கொள்கிறது, பெற்றோர் என்ன செய்ய வேண்டும் என்பதை விளக்குவதே இப்பிரசுரத்தின் நோக்கம்.

இது என்ன விளையாட்டு?

"கார்ட்" என்றால் கூரையில்லாத, தரையோடு தாழ்ந்த சிறிய பந்தய வண்டி. முதல் கார்ட் வண்டியை 1956-ல் அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாநிலத்தில் ஆர்ட் இங்கெல்ஸ் என்பவர் செய்தார். இது நிஜமான வண்டி.

இந்த வண்டியைப் பொம்மைப் படமாக்கித் திரையில் ஓடவிட்டது ஜப்பான் நாட்டின் நின்டெண்டோ நிறுவனம். 1889-ல் கியோட்டோ நகரில் சீட்டுக்கட்டு செய்வதற்காகத் தொடங்கிய நிறுவனம் அது. 1992-ல் "சூப்பர் மேரியோ கார்ட்" என்ற விளையாட்டை வெளியிட்டது. மீசை வைத்த மேரியோ என்ற பொம்மையும் அவன் கூட்டாளிகளும் சிறு வண்டிகளில் பந்தயம் விடுவார்கள். வழியில் வாழைப்பழத் தோலை வீசி ஒருவரை ஒருவர் சறுக்க விடுவார்கள். உலகெங்கும் குழந்தைகளுக்கு இது பிடித்துப்போயிற்று. பிறகு வந்த பொம்மைக் கார் பந்தயங்கள் பலவும் இதைப் பார்த்துச் செய்தவையே.

நம் நாட்டிலும் வந்தது. ஹைதராபாத்தில் உள்ள கிரீன் கோல்டு நிறுவனத்தின் ராஜீவ் சிலகா உருவாக்கிய "சோட்டா பீம்" என்ற பொம்மைத் தொடர் 2008 முதல் போகோ தொலைக்காட்சியில் வந்தது. தோலக்பூரில் வாழும், லட்டு தின்றால் பலம் பெறும் அந்தச் சிறுவனை நம் பிள்ளைகளுக்கு நன்றாகத் தெரியும். மும்பையைச் சேர்ந்த நசாரா நிறுவனம் அந்தப் பாத்திரங்களை வைத்து "சோட்டா பீம் ஸ்பீடு ரேசிங்" என்ற செல்போன் விளையாட்டை வெளியிட்டது. டிவியில் பார்த்த பீமைத் தன் விரலாலேயே ஓட்ட முடிகிறது என்றால் குழந்தைக்குச் சொல்லவா வேண்டும்?

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறோம். இந்த விளையாட்டு விஷமல்ல. கொஞ்ச நேரம், சரியான வயதில், பெரியவர் பக்கத்தில் இருந்து விளையாடினால் கெடுதல் இல்லை. கண்ணும் கையும் சேர்ந்து வேலை செய்யப் பழகும். அண்ணன் தங்கை முறை வைத்து விளையாடலாம். தோற்றாலும் சிரிக்கப் பழகலாம். கெடுதல் வருவது அளவு மீறும்போதும், ஆள் இல்லாதபோதும்தான்.

குழந்தை ஏன் விட மறுக்கிறது?

"புள்ளைக்குப் பிடிவாதம்" என்று மட்டும் நினைக்காதீர்கள். விளையாட்டின் அமைப்பிலேயே காரணம் இருக்கிறது.

முதலாவது, ஒவ்வொரு பந்தயமும் மிகக் குறுகியது. பெரும்பாலும் 2, 3 நிமிடத்தில் முடிந்துவிடும். முடிந்த உடனே அடுத்த பந்தயத்தின் பொத்தான் கண்முன் மின்னும். "இன்னும் ஒண்ணே ஒண்ணு" என்று குழந்தை கேட்பது அதனால்தான். பத்து முறை "இன்னும் ஒண்ணு" சொன்னால் அரை மணி போய்விடும்.

இரண்டாவது, இதில் தோற்பவன் சீக்கிரம் சலித்துப்போக மாட்டான். நம் ஊர் மாட்டு வண்டிப் பந்தயத்தில் பின்தங்கிய வண்டி பெரும்பாலும் பின்தங்கியதுதான். பொம்மைக் கார் பந்தயத்தில் அப்படி இல்லை. வழியில் உள்ள பெட்டியைத் தொட்டால் ஏதாவது ஒரு பொருள் கிடைக்கும். மேரியோ கார்ட்டில் முன்னால் போகிறவனுக்குச் சாதாரணப் பொருள் வரும். கடைசியில் வருகிறவனுக்குத்தான் வண்டியை அம்பு போலப் பறக்க வைக்கும் வலிமையான பொருள் வரும். ஆகவே கடைசியில் இருப்பவனும் ஒரு நொடியில் முன்னே வந்துவிடலாம். "இப்ப ஜெயிச்சுடுவேன், இப்ப ஜெயிச்சுடுவேன்" என்ற ஆசை அணைவதே இல்லை.

மூன்றாவது, எப்போது என்ன கிடைக்கும் என்பது தெரியாது. பெட்டிக்குள் என்ன இருக்கும்? இன்று புது வண்டி கிடைக்குமா? எப்போது வரும் என்று தெரியாத பரிசுக்காகக் காத்திருப்பதில் மனிதருக்கு இயல்பாகவே ஒரு பிடிப்பு உண்டு. பெரியவர்களே பரிசுச் சீட்டில் ஏமாறுகிறார்கள். 4 வயதுக் குழந்தை என்ன செய்யும்?

நான்காவது, "போதும்" என்று தன்னைத்தானே நிறுத்திக்கொள்ளும் திறன் மூளையில் மெல்ல மெல்லத்தான் வளர்கிறது. முழு வளர்ச்சிக்கு இருபது வயதும் தாண்டும். 4 வயதில் அந்தத் திறன் அரும்புகிற நிலையில்தான் இருக்கிறது. ஆகவே நிறுத்தும் வேலையைப் பெரியவர்தான் செய்ய வேண்டும். குழந்தையிடம் அதை எதிர்பார்ப்பது, பாத்தி கட்டாத வயலில் தண்ணீர் தானே நிற்கும் என்று எதிர்பார்ப்பது போன்றது.

எந்த வயதில் எவ்வளவு?

உலக சுகாதார நிறுவனம் 2019-ல் 5 வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு அளவு வகுத்தது. இந்தியக் குழந்தை மருத்துவர்கள் சங்கமும் நம் நாட்டுக்கு அளவு சொல்லியிருக்கிறது. இரண்டையும் சேர்த்து எளிதாகக் கீழே தருகிறோம்.

2 வயது முடியும் வரை: போன், டிவி எதுவும் வேண்டாம். வெளிநாட்டில் இருக்கும் அப்பாவுடனோ, வெளியூரில் இருக்கும் தாத்தா, ஆயாவுடனோ எப்போதாவது படத்தில் பார்த்துப் பேசுவதற்கு மட்டும் விலக்கு உண்டு.

2 முதல் 5 வயது வரை: போன், டிவி எல்லாம் சேர்த்து ஒரு நாளைக்கு 1 மணிக்கு மேல் கூடாது. அதிலும் குறைவாக இருந்தால் இன்னும் நல்லது. பெரியவர் உடன் இருக்க வேண்டும்.

5 முதல் 10 வயது வரை: எல்லாம் சேர்த்து 2 மணிக்குள்.

கவனியுங்கள். இது கார் விளையாட்டுக்கு மட்டும் தனியாகக் கொடுத்த நேரமல்ல. டிவிப் படமும் இதில்தான் அடங்கும். ஆகவே 5 வயதுக்கு உட்பட்ட குழந்தைக்குக் கார் விளையாட்டு ஒரு நாளைக்கு 3, 4 பந்தயம், அதாவது 10 முதல் 15 நிமிடம் போதும் என்பது எங்கள் யோசனை.

அதே வழிகாட்டுதலில் இன்னும் இரண்டு அளவுகள் உண்டு. 3, 4 வயதுக் குழந்தை நாளொன்றுக்கு 3 மணி நேரமாவது ஓடியாட வேண்டும். பகல் தூக்கம் சேர்த்து 10 முதல் 13 மணி நேரம் தூங்க வேண்டும். போன் முதலில் தின்பது இந்த இரண்டு நேரத்தையும்தான்.

உடம்பில் என்ன நடக்கிறது?

கண்: குழந்தை போனை முகத்தருகே பிடித்துக்கொண்டு, இமைக்க மறந்து பார்க்கும். கண் வறண்டு சிவக்கும். நாள் முழுவதும் வீட்டுக்குள் கிட்டப் பொருளையே பார்க்கும் பிள்ளைகளுக்குக் கிட்டப்பார்வைக் குறை வரும் வாய்ப்பு அதிகம். பகல் வெளிச்சத்தில் வெளியே விளையாடும் பிள்ளைகளுக்கு அது குறைவு. விளையாடி முடித்ததும் தூரத்தில் தெரியும் தென்னை மரத்துக் குலைகளை எண்ணச் சொல்லுங்கள். கண்ணுக்கு அது ஓய்வு.

பேச்சு: குழந்தை பேச்சைக் கற்பது முகத்தைப் பார்த்து. நீங்கள் ஒன்று சொல்ல, அது ஒன்று சொல்ல, நீங்கள் திருப்பிச் சொல்ல, இப்படித்தான் பேச்சு வளரும். போன் ஓயாமல் சத்தம் போடும். ஆனால் குழந்தை சொன்னதற்குப் பதில் சொல்லாது. கைக்குழந்தைப் பருவத்திலேயே போனைக் கொடுத்துவிட்டால் பேசிப் பழகும் நேரம் குறைகிறது.

சாப்பாடு: "போனைக் காட்டினாத்தான் வாயைத் திறக்கறா" என்று பல தாய்மார்கள் சொல்கிறார்கள். அப்படி ஊட்டினால் குழந்தைக்குப் பசியும் தெரியாது, வயிறு நிறைந்ததும் தெரியாது. மெல்லாமல் விழுங்கும். புரையேறும். சாப்பாட்டு நேரத்தில் யார் கையிலும் போன் வேண்டாம்.

தூக்கம்: பந்தயத்தில் மனம் படபடக்கும். படபடத்த மனம் உடனே உறங்காது. திரையின் வெளிச்சமும் தூக்கத்தைத் தள்ளிப்போடும். படுப்பதற்கு 1 மணி முன்பே போனை எட்டாத இடத்தில் வைத்துவிடுங்கள்.

வலிப்பு: மிகச் சில குழந்தைகளுக்கு வேகமாக மின்னும் வெளிச்சம் வலிப்பைத் தூண்டும். 1997 டிசம்பரில் ஜப்பானில் ஒரு பொம்மைத் தொடரில் சிவப்பும் நீலமும் மாறி மாறி மின்னிய காட்சியைப் பார்த்து 600-க்கும் மேற்பட்டவர்கள், பெரும்பாலும் பிள்ளைகள், மருத்துவமனைக்குக் கொண்டு செல்லப்பட்டார்கள். இது அபூர்வம். பயப்பட வேண்டாம். ஆனால் ஏற்கெனவே வலிப்பு வந்த குழந்தைக்கு மருத்துவரைக் கேட்காமல் இவ்விளையாட்டைக் கொடுக்காதீர்கள். வலிப்பு வந்தால் குழந்தையை ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். கையில் இரும்பு கொடுப்பதால் பயன் இல்லை. வாயில் எதையும் திணிக்கக் கூடாது. 108-க்குப் போன் செய்யுங்கள்.

இன்னொரு எச்சரிக்கை: சார்ஜ் ஏறிக்கொண்டிருக்கும் போனைக் குழந்தை கையில் கொடுக்கவே கூடாது.

போன், பிள்ளை பார்க்கும் ஆள் அல்ல

இது இப்பிரசுரத்தின் மிக முக்கியமான பகுதி. இருவரும் கவனமாகப் படியுங்கள்.

குறுவை நடவு நேரம். விடியற்காலையில் தாய் நடவுக்குப் போக வேண்டும். தகப்பன் வரப்பு வெட்டப் போய்விட்டார். வீட்டில் வயதான அப்பாயி மட்டும். அவருக்கு முழங்கால் வலி, எழுந்து ஓட முடியாது. "போனைக் கையில கொடுத்துட்டா வாய்க்கால் பக்கம் போக மாட்டான். ஒரே இடத்துல உக்காந்திருப்பான்" என்று வீட்டில் சொல்கிறார்கள்.

இதில் உள்ள கஷ்டம் எங்களுக்குப் புரிகிறது. கூலியும் வேண்டும், பிள்ளையும் பத்திரமாக இருக்க வேண்டும். சோம்பலால் போன் கொடுக்கவில்லை, பயத்தால் கொடுக்கிறார்கள். ஆனால் ஒன்றை யோசியுங்கள். போனில் சார்ஜ் தீர்ந்தால்? சிக்னல் போய் விளையாட்டு நின்றால்? சலித்துப்போனால்? அந்த நொடியே குழந்தை எழுந்து போகும். அப்பாயியோ, "புள்ளை போன் பாத்துக்கிட்டிருக்கு" என்ற நம்பிக்கையில் கண்ணயர்ந்திருப்பார். போன் குழந்தையைக் கட்டிப்போடுவதில்லை. பெரியவர்களின் கவனத்தைத்தான் தளர்த்துகிறது.

மேட்டூர் அணை வழக்கமாக ஜூன் 12-ல் திறக்கப்படுகிறது. தண்ணீர் கடைமடை வரை வந்ததும், நேற்று வரை வறண்டு கிடந்த வாய்க்கால் இன்று நிறைந்து ஓடும். நேற்று இறங்கி விளையாடிய இடம் இன்று ஆழம். குழந்தைக்கு அது தெரியாது. மேரியோ கார்ட்டில் வண்டி தண்ணீரில் விழுந்தால், மேகத்தில் மிதந்து வரும் ஒரு பொம்மை தூண்டிலால் தூக்கி மறுபடியும் பாதையில் விட்டுவிடும். பந்தயம் தொடரும். நம் வாய்க்காலில் அப்படித் தூக்கிவிட யாரும் வரமாட்டார்கள். சிறு குழந்தை முழுகுவதற்கு நிறைய நேரமும் வேண்டாம், நிறையத் தண்ணீரும் வேண்டாம். சத்தமும் கேட்காது.

அதனால் என்ன செய்யலாம்?

2 வயது முடிந்த குழந்தையை அங்கன்வாடிக்கு அனுப்புங்கள். அங்கே ஆள் இருக்கிறார், சத்துணவு இருக்கிறது, சேர்ந்து விளையாடப் பிள்ளைகள் இருக்கிறார்கள்.

அங்கன்வாடி திறக்கும் முன் வேலைக்குப் போகிறவர்கள், தெருவில் 3, 4 குடும்பம் சேர்ந்து முறை வைத்துக்கொள்ளுங்கள். நடவுக்கு முறை ஆள் விடுவது நமக்குப் புதிதா? அதுபோல இன்று ஒரு வீட்டார் பிள்ளைகளைப் பார்க்கட்டும், நாளைக்கு அடுத்த வீட்டார்.

வாசலில் இடுப்பளவு மூங்கில் தட்டிக் கதவு போடுங்கள். குழந்தை தானாகத் தாண்டாது.

பார்த்துக்கொள்ளும் ஆளிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள்: "அத்தே, இப்ப நீங்கதான் பாத்துக்கறீங்க." யார் பொறுப்பு என்று தெரியாதபோதுதான் விபத்து நடக்கிறது.

பிள்ளை பார்க்கும் நேரத்தில் பெரியவரும் போன் பார்க்கக் கூடாது. இது தகப்பன்மார்களுக்கும் சேர்த்துத்தான்.

காசு போகும் வழி

பொம்மைக் கார் விளையாட்டுகளில் பல, காசு இல்லாமலேயே போனில் இறங்கும். அப்படியானால் அதைச் செய்தவர்களுக்கு வருமானம்? இரண்டு வழி. ஒன்று, நடுவில் வரும் விளம்பரங்கள். மற்றொன்று, விளையாட்டுக்குள் புது வண்டி, நாணயம், மணிக்கல் என்று விற்பது.

5 வயதுக் குழந்தைக்கு விளையாட்டு எது, விளம்பரம் எது என்று பிரித்துப் பார்க்கத் தெரியாது. மின்னுவதைத் தொடும். தொட்ட இடம் வேறு எங்கோ கொண்டுபோகும்.

புகழ்பெற்ற விளையாட்டும் இதற்கு விலக்கல்ல. 2019-ல் செல்போனுக்கு வந்த "மேரியோ கார்ட் டூர்" விளையாட்டில், என்ன கிடைக்கும் என்று தெரியாமலே காசு செலவழித்துக் குலுக்கல் போல எடுக்கும் முறை இருந்தது. 2022-ல் அந்த முறையை நின்டெண்டோ நீக்கியது.

ஆகவே கீழ்க்கண்டவற்றை இன்றே செய்யுங்கள். உங்களுக்குத் தெரியாவிட்டால் விவரம் தெரிந்த வீட்டுப் பிள்ளையைச் செய்யச் சொல்லுங்கள்.

1. குழந்தை விளையாடும்போது இணையத்தை அணைத்துவிடுங்கள். விமானப் படம் போட்ட பொத்தானை அமுக்கினால் போதும். புதிதாக விளம்பரம் வந்து இறங்காது, கடைக்கும் போக முடியாது. இணையம் இல்லாமல் ஓடாத விளையாட்டு சிறு குழந்தைக்கு வேண்டாம்.

2. பிளே ஸ்டோரில் எதை வாங்கினாலும் ஒவ்வொரு முறையும் கடவுச்சொல் கேட்கும்படி அமைத்துவிடுங்கள்.

3. ஜிபே, போன்பே முதலியவற்றின் ரகசிய எண்ணைக் குழந்தை எதிரில் அழுத்தாதீர்கள். 4, 5 வயதுப் பிள்ளை எண்ணைப் பார்த்தே மனப்பாடம் செய்துவிடும்.

4. யாராவது ஏமாற்றிக் கணக்கில் பணம் எடுத்துவிட்டால் தாமதிக்காமல் 1930 என்ற எண்ணுக்குச் சொல்லுங்கள்.

நிறுத்துவது எப்படி?

கடிகாரம் பார்த்து "பத்து நிமிஷம்" என்றால் 4 வயதுக் குழந்தைக்குப் புரியாது. ஆனால் பந்தயத்தை எண்ணத் தெரியும். ஆகவே நிமிடக் கணக்கு வேண்டாம், பந்தயக் கணக்கு வையுங்கள்.

தொடங்கும் முன்பே சொல்லுங்கள்: "இன்னைக்கு மூணு பந்தயம். அப்புறம் போன் தூங்கப் போயிடும்." மூன்று புளியங்கொட்டையைக் குழந்தை கையில் கொடுங்கள். ஒரு பந்தயம் முடிந்ததும் ஒரு கொட்டையை டப்பாவில் போடச் சொல்லுங்கள். (2 வயதுக் குழந்தை கொட்டையை வாயில் போட்டுக்கொள்ளும். அதற்கு விரலைக் காட்டி எண்ணினால் போதும்.)

பக்கத்தில் உட்காருங்கள். "இப்ப யாரு முன்னால போறா? பச்சை வண்டியா, சிவப்பு வண்டியா?" என்று கேளுங்கள். பேச்சும் வளரும், நிறமும் எண்ணும் தெரியும்.

பந்தயத்தின் நடுவே பிடுங்காதீர்கள். ஜெயிக்கப்போகும் நேரத்தில் பறித்தால் பெரியவருக்கே கோபம் வரும். ஒரு பந்தயம் முடியும் இடமே நிறுத்தும் இடம்.

"இதுதான் கடைசிப் பந்தயம்" என்று முன்கூட்டியே சொல்லுங்கள். முடிந்ததும் குழந்தையே பொத்தானை அமுக்கி அணைக்கட்டும். "நானே அணைச்சேன்" என்பதில் அதற்கு ஒரு பெருமை.

அணைத்த கையோடு வேறு வேலை கொடுங்கள். "வா, கோழிக்குத் தீனி போடலாம்." "வா, அப்பாவுக்குத் தண்ணி கொண்டுபோய்க் குடுக்கலாம்."

முதல் சில நாள் அழும். அழட்டும். பக்கத்திலேயே இருங்கள். அடிக்க வேண்டாம், திட்ட வேண்டாம். ஆனால் சொன்ன சொல்லை மாற்ற வேண்டாம். ஐந்து நாள் மறுத்துவிட்டு ஆறாம் நாள் அழுகை தாங்காமல் கொடுத்தால், "இன்னும் நல்லா அழுதா கிடைக்கும்" என்பதைத்தான் குழந்தை கற்றுக்கொள்ளும்.

நம் ஊர் வண்டிப் பந்தயம்

போனை வாங்கினால் மட்டும் போதாது. கையில் வேறு எதையாவது கொடுக்க வேண்டும். வண்டி ஓட்டும் ஆசை எல்லாக் குழந்தைக்கும் உண்டு. அந்த ஆசைக்கு நம் ஊரிலேயே வழி இருக்கிறது.

கோடையில் நுங்கு தின்ற பிறகு மிஞ்சும் பனங்காய் ஓடுகள் இரண்டை எடுத்து, ஒரு குச்சியின் இரு முனையிலும் செருகி, நீளமான கவைக் கோலால் தள்ளினால் நுங்கு வண்டி. தேய்ந்த சைக்கிள் டயரும் ஒரு குச்சியும் இருந்தால் இன்னொரு வண்டி. தேங்காய் மட்டையில் கயிறு கட்டி இழுத்தால் 2 வயதுக் குழந்தைக்கு வண்டி. செலவு ஒன்றுமில்லை.

போன் வண்டியில் விரல் மட்டும் அசையும். நுங்கு வண்டியில் கால் ஓடும், கை தள்ளும், மூச்சு வாங்கும், கண் தூரம் பார்க்கும். விழுந்து எழும். வியர்க்கும். பசிக்கும். இரவில் தானே தூங்கும். களத்து மேடோ, கோயில் வாசலோ, வாய்க்காலிலிருந்தும் சாலையிலிருந்தும் விலகிய இடமாகப் பார்த்து, ஒரு பெரியவர் காவலில் விளையாட விடுங்கள். தகப்பன் உட்கார்ந்து ஒரு நுங்கு வண்டி செய்து கொடுத்தால், அதைக் குழந்தை வெகுநாள் மறக்காது.

நீங்கள் கேட்ட கேள்விகள்

கேள்வி: இதுவும் ரம்மி மாதிரி சூதாட்டமா?

பதில்: இல்லை. பணம் வைத்து ஆடுவது வேறு. அப்படிப்பட்ட இணைய விளையாட்டுகளைத் தடை செய்து 2025-ல் மத்திய அரசு சட்டம் இயற்றியது. பொம்மைக் கார் பந்தயம் அந்த வகை அல்ல. ஆனால் முன்பு சொன்னபடி விளையாட்டுக்குள் பொருள் விற்பது உண்டு. எச்சரிக்கை வேண்டும்.

கேள்வி: எங்க வீட்டுக்காரர் துபாயில இருக்காரு. புள்ளை மேல உள்ள ஆசையில புதுசு புதுசா விளையாட்டு இறக்கித் தரச் சொல்றாரு. என்ன சொல்றது?

பதில்: அவர் முகமும் குரலுமே குழந்தைக்குப் பெரிய பரிசு. தினமும் ஒரு 10 நிமிடம் படத்தில் வந்து, "இன்னைக்கு என்ன சாப்பிட்டே? கன்னுக்குட்டி என்ன பண்ணுது?" என்று பேசச் சொல்லுங்கள். அது விளையாட்டை விட ஆயிரம் மடங்கு நல்லது. இப்பிரசுரத்தை அவருக்கும் படித்துக் காட்டுங்கள்.

கேள்வி: விளையாட்டில் கார் மோதி மோதி எழுகிறது. பிள்ளையும் அப்படி நினைத்துக்கொள்ளுமா?

பதில்: சிறு குழந்தைக்குப் படமும் நிஜமும் குழம்பும். "படத்துல மோதினா எழுந்துக்கும். ரோட்டுல மோதினா ரத்தம் வரும், வலிக்கும்" என்று சொல்லிக்கொடுங்கள். சாலையில் எப்போதும் கையைப் பிடித்தே அழைத்துச் செல்லுங்கள்.

கேள்வி: போனை வாங்கினா அழறான். இது வியாதியா?

பதில்: அழுவது வியாதி அல்ல. விளையாட்டு அடிமைநிலை என்பதை உலக சுகாதார நிறுவனம் நோய்ப் பட்டியலில் சேர்த்திருக்கிறது. அந்தப் பட்டியல் 2022 ஜனவரி முதல் நடைமுறைக்கு வந்தது. விளையாட்டைக் கட்டுப்படுத்த முடியாமல், மற்ற எல்லாவற்றையும் விட்டுவிட்டு, கெடுதல் வந்தும் நிறுத்தாமல், பொதுவாக ஓராண்டாவது தொடர்ந்தால்தான் அப்படிச் சொல்வார்கள். உங்கள் 4 வயதுப் பிள்ளைக்கு அந்தப் பெயரைச் சூட்டாதீர்கள். ஒழுங்காக நேரம் வகுத்தால் மாறிவிடும்.

மருத்துவரிடம் எப்போது காட்ட வேண்டும்?

* 1 வயது ஆகியும் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பாவிட்டால்
* ஒன்றரை வயது ஆகியும் ஒரு சொல்கூடப் பேசாவிட்டால்
* 2 வயது ஆகியும் "அம்மா வா", "பால் தா" என்று இரண்டு சொல் சேர்த்துப் பேசாவிட்டால்
* கண்ணைச் சுருக்கிப் பார்த்தால், கண் மாறுகண்ணாகத் தெரிந்தால், தலைவலி என்று அடிக்கடி சொன்னால்
* போன் இல்லாமல் சாப்பிடவும் தூங்கவும் முடியாத நிலை வந்தால்

"அவங்க அப்பாவும் லேட்டாத்தான் பேசினாரு" என்று தள்ளிப்போடாதீர்கள். போனால்தான் இப்படி ஆயிற்று என்று தாயைக் குற்றம் சொல்வதும் தவறு. காது கேளாமை முதல் பல காரணங்கள் இருக்கலாம். உங்கள் ஊர் கிராம சுகாதார செவிலியரிடமோ, ஆரம்ப சுகாதார நிலையத்திலோ சொல்லுங்கள். அங்கன்வாடிக்கும் பள்ளிக்கும் வரும் குழந்தைகள் நலப் பரிசோதனைக் குழுவிடமும் காட்டலாம். சந்தேகத்துக்கு 104 என்ற எண்ணில் சுகாதார ஆலோசனை கேட்கலாம். மனநல ஆலோசனைக்கு 14416.

கணவன் மனைவி ஒப்பந்தம்

தாய் மறுத்தால் தகப்பன் கொடுப்பது, தகப்பன் மறுத்தால் அப்பாயி கொடுப்பது என்று இருந்தால் எந்த விதியும் நிற்காது. பிள்ளை மட்டுமல்ல, கணவன் மனைவிக்குள்ளும் சண்டை வரும். "நீதான் போனைக் குடுத்துக் கெடுத்தே" என்று மனைவியைச் சொல்வதற்கு முன், வேலை முடிந்து வந்து பிள்ளையோடு எவ்வளவு நேரம் இருக்கிறோம் என்று கணவர் எண்ணிப் பார்க்க வேண்டும். அடுப்படியில் மனைவி வேலையாக இருக்கும் அந்த ஒரு மணி நேரம் பிள்ளையை அவர் பார்த்துக்கொண்டால், போனுக்கு அங்கே வேலையே இல்லை.

ஆகவே இன்று இரவு பிள்ளை தூங்கியதும் இருவரும் உட்கார்ந்து பேசுங்கள். இந்த ஐந்தையும் முடிவு செய்யுங்கள்:

1. ஒரு நாளைக்கு எத்தனை பந்தயம்?
2. எந்த நேரத்தில்? (சாப்பாட்டு நேரமும் படுக்கும் நேரமும் கூடாது.)
3. பக்கத்தில் யார் உட்காருவது?
4. வேலைக்குப் போகும் நேரத்தில் பிள்ளையைப் பார்க்கும் ஆள் யார்?
5. அழுதால் கொடுப்பதில்லை என்பதில் வீட்டில் எல்லோரும் ஒன்றுதானா? பெரியவர்களிடமும் மரியாதையாக எடுத்துச் சொல்லுங்கள்.

நினைவில் வையுங்கள்:

2 வயது வரை போன் வேண்டாம்.
நிமிடத்தை அல்ல, பந்தயத்தை எண்ணுங்கள்.
பந்தயம் முடிந்ததும் நிறுத்துங்கள், நடுவில் பிடுங்காதீர்கள்.
போன் விளையாட்டுப் பொருள், பிள்ளை பார்க்கும் ஆள் அல்ல.
வாய்க்காலில் தண்ணீர் ஓடும் காலத்தில் கண் பிள்ளை மேல் இருக்கட்டும்.

படித்த பிறகு இப்பிரசுரத்தை எறிந்துவிடாமல் அடுத்த வீட்டாருக்குக் கொடுங்கள். படிக்கத் தெரியாதவர்களுக்குப் படித்துக் காட்டுங்கள்.